மாவிலை ஒட்டிய பக்கத்தில் படர்ந்த கறை

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுப் பெங்களூரா மாமரத்தின் இலைகளையும் கேழ்வரகுக் கதிர்களையும் ஒட்டி, அப்பாவின் பழைய புகைப்படங்களுக்கு ஓர் ஆல்பம் செய்தேன். நான்காம் நாளே இலைகளைச் சுற்றித் தாளில் பழுப்புக் கறை படர்ந்து, ஆறாம் நாள் சாம்பல் நிறப் பூஞ்சையும் தெரிந்தது. கதிர்களுக்கோ ஒன்றும் ஆகவில்லை.

முதலில் பசையைச் சந்தேகித்து வேறு பசை வாங்கினேன், பயனில்லை. வெயிலில் காயவைத்த இலைகள் சுருண்டு, விரல் பட்டதும் நொறுங்கின. இஸ்திரிப் பெட்டியால் தேய்த்த இலை காகிதம்போல் சலசலத்தது. ஆனாலும் கறை வந்தது. இதிலேயே பத்து நாள்கள் போயின.

கெட்ட பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோதுதான், பூஞ்சை இலை முழுவதும் இல்லாமல் நடுநரம்பை ஒட்டி ஒரே கோடாக இருப்பது புலப்பட்டது. இலைப்பரப்பு காய்ந்த பிறகும் தடித்த நரம்புக்குள் ஈரம் தங்கியிருந்திருக்கிறது.

ஆகவே, புதிய இலைகளின் பின்புறம் புடைத்திருக்கும் நரம்பைப் பிளேடால் பாதி கனத்துக்குச் சீவி, செய்தித்தாள்களுக்கு இடையே அடுக்கி, மேலே அம்மிக்கல்லை ஏற்றி, முதல் வாரம் தினமும் தாளை மாற்றினேன். (பளபளப்பான வார இதழ்த் தாள் ஈரத்தைச் சரியாக உறிஞ்சாது.) பதினைந்தாம் நாள் ஒவ்வோர் இலையையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்; சில்லென்று பட்டால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். அப்படி நரம்பு மட்டும் சில்லிட்ட இரண்டு இலைகள் மறுபடியும் கல்லுக்கடியில் போயின. வெள்ளைப் பசையிலும் தண்ணீர் உண்டு என்பதால், முழுக்கப் பூசாமல் கடுகளவு புள்ளிகளாக மட்டும் வைத்து ஒட்டினேன். இரண்டு மாதமாகத் தாள் வெள்ளையாகவே இருக்கிறது.