காலையில் நின்றுகிடக்கும் பழைய ஆட்டோமேட்டிக் வாட்ச்: கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி?

கூத்தாநல்லூர், மன்னார்குடிப் பக்கம் பல வீட்டு பீரோக்களில் ஒரு பழைய சீக்கோ 5 தூங்கிக்கொண்டிருக்கும். சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ யாரோ கொண்டுவந்தது. கையில் கட்டினால் ஓடும். இரவு கழற்றி வைத்தால் விடிவதற்குள் நின்றுவிடும். என் மாமாவின் வாட்சும் அப்படித்தான் இருந்தது. ஒரு கடையில் மெயின் ஸ்பிரிங்கை, அதாவது வாட்சை ஓட்டும் சுருள்வில்லை, மாற்றிக் கொடுத்தார்கள். மறுவாரமே பழைய கதை. ஸ்பிரிங் மேல் குற்றமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கடைமடையில் பயிர் வாடினால் நம் ஊரில் என்ன கேட்போம்? மேட்டூரில் தண்ணீர் இருக்கிறதா, இருந்தும் வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறதா என்றுதானே? இங்கேயும் அதே கேள்விதான். கை அசைய அசைய உள்ளே சுற்றி ஸ்பிரிங்கை ஏற்றும் அரைவட்டத் தகடு ரோட்டார், அது நீர்வரத்து. மெயின் ஸ்பிரிங் சுருண்டிருக்கும் டப்பா, அணை. பல்சக்கரங்கள் வாய்க்கால்கள். கடைசியில் துடிக்கும் பேலன்ஸ் வீல், கடைமடையான தலைஞாயிற்று வயல். வரத்து, அணை, வாய்க்கால் மூன்றில் எது கெட்டாலும் வாட்ச் ஒரே மாதிரிதான் நிற்கும். பிரித்துப் பார்க்க ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

முதலில், வாட்சை அடையாளம் காணுங்கள். சீக்கோவின் பின்மூடியில் கோடு போட்டுப் பிரித்த இரண்டு எண்கள் இருக்கும். முதல் நான்கு இடங்கள்தான் உள்ளே இருக்கும் இயந்திரத்தின் பெயர்: 7009, 7எஸ்26 என்பது போல. இந்த இரண்டிலும் சாவி கொடுக்க முடியாது. திருகினால் சும்மா சுற்றும். அதைக் கோளாறு என்று நினைத்துப் பயப்பட வேண்டாம்.

சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் என்றால் 30, 40 சுற்று கொடுங்கள். கையால் சாவி கொடுக்கும் எச்.எம்.டி. ஜனதாவில் ஒரு கட்டத்தில் சாவி இறுகி நிற்குமே, அப்படி இதில் நிற்காது. ஆட்டோமேட்டிக்கின் ஸ்பிரிங் முனை டப்பாவோடு கொக்கி போட்டுக் கட்டப்படவில்லை. நிறைந்ததும் சுவரில் வழுக்கிக்கொள்ளும். அணை 120 அடியைத் தொட்டதும் உபரி நீர் வழிவதைப் போல.

அடுத்து, எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று எண்ணுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். பலரும் செய்யாததும் இதுதான். சாவி ஏறாத வாட்சை ஒரு முழு நாள் கட்டிக்கொண்டு நடமாடுங்கள். இரவில் டயல் உங்களைப் பார்க்க நிமிர்த்திப் பிடித்து, தொட்டில் ஆட்டும் வேகத்தில் பத்து நிமிடம் இடமும் வலமும் ஆட்டுங்கள். பிறகு டயல் மேலே இருக்கும்படி மேசையில் வைத்துவிட்டு, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடாதீர்கள். நின்றதும் முள் காட்டும் நேரத்தைப் பாருங்கள். தேதியையும் பார்த்தால் கணக்குத் தவறாது.

நல்ல நிலையில் உள்ள வாட்ச் 40 மணி நேரத்தை ஒட்டி ஓடும். 36க்கு மேல் என்றால் அணையும் வாய்க்காலும் நலம். அப்படியானால் காலையில் நிற்பதற்குக் காரணம் வரத்துக் குறைவு. இதில் ஒரு பங்கு நம்முடையதுதான். நாளைக்கு எட்டுப் பத்து மணி நேரமாவது கையில் இருந்து, கையும் அசைந்தால்தான் ஸ்பிரிங் ஏறும். ஓய்வுபெற்று ஈசிச்சேரில் பேப்பர் படிக்கிறவர் கையில் அது எப்படி ஏறும்?

பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் நின்றால் கதை வேறு. ஆனால் இங்கே ஒரு சிக்கல். சாவி ஏறாத வாட்சில் ரோட்டாரே பழுது என்றால், நீங்கள் எவ்வளவு ஆட்டினாலும் அணை நிரம்பியிருக்காது. குறைந்த மணிக்கணக்கைப் பார்த்து ஸ்பிரிங்கைக் குற்றம் சொல்லிவிடுவோம். மாமா விஷயத்தில் நடந்ததும் இதேதான். இதற்கு வழி: வாட்ச் ரிப்பேர் செய்பவரிடம் பின்மூடியைத் திறக்கச் சொல்லி, ஸ்பிரிங் டப்பாவின் மேல் உள்ள ஸ்க்ரூவைத் திருப்புளியால் சுற்றி நேரடியாகச் சாவி ஏற்றச் சொல்லுங்கள். சில சுற்றுகளிலேயே நிறைந்துவிடும். அதற்குப் பிறகு மறுபடி எண்ணுங்கள். 40 மணி வந்தால் ரோட்டார் பக்கம்தான் கோளாறு. அப்போதும் குறைந்தால் பழைய எண்ணெய் பிசின்போல் இறுகியிருக்கலாம், அல்லது டப்பாச் சுவரில் தடவும் கிரீஸ் காய்ந்து, பாதி ஏறும்போதே ஸ்பிரிங் வழுக்கலாம். முழுதாகக் கழற்றிக் கழுவி எண்ணெய் போடுவதுதான் மருந்து.

எப்போது நிற்கிறது என்பதையும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் நள்ளிரவை ஒட்டியே நின்றால், தேதியையும் கிழமையையும் தள்ளும் சுமையை அது தாங்கவில்லை. சக்தி குறைந்த வாட்ச் முதலில் தடுமாறும் இடம் அதுதான். (இரவு 9 முதல் விடிகாலை 4 வரை கையால் தேதி மாற்றாதீர்கள், பல் உடையும்.)

ரோட்டாரைக் கேளுங்கள். காதருகில் வைத்து மெல்லச் சாய்த்தால் வழுக்கிக்கொண்டு ஓடும் ஒலி வர வேண்டும். கரகரவென்று உரசினால் சந்தேகம். மாமாவின் வாட்சைத் திறந்தபோது பின்மூடியின் உட்புறத்தில், விளிம்பை ஒட்டிப் பிறை வடிவில் பளபளவென்று ஒரு தேய்மானம். அதைச் சுற்றி மிளகாய்த்தூள் நிறத்தில் கொஞ்சம் துரு. ரோட்டாரின் நடு ஸ்க்ரூ தளர்ந்து, தகடு தொங்கி, சுற்றும்போதெல்லாம் மூடியை உரசியிருக்கிறது. ஸ்பிரிங் மாற்றியபோதும் இதே மூடியைத்தான் திறந்திருப்பார்கள்!

வீட்டில் செய்யவே கூடாதது ஒன்று: தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எதையும் உள்ளே விடாதீர்கள். ஒரு சொட்டுப் போட்டதும் நன்றாக ஓடுவதுபோல் தோன்றும். அது தூசியைக் கூட்டிச் சேர்க்கும்.

கடையில் "ஓடமாட்டேன் என்கிறது" என்று சொல்லாதீர்கள். "திருப்புளியால் ஏற்றினால் 40 மணி ஓடுகிறது, கட்டினால் 12தான்" என்று சொல்லுங்கள். பேச்சே மாறும்.

மாமாவின் வாட்சுக்கு ஸ்க்ரூவை இறுக்கி, துருவைச் சுத்தம் செய்ததோடு சரி. வியாழக்கிழமை மாலை 6 மணிக்குக் கழற்றி வைத்தது, சனிக்கிழமை காலை 11 மணிக்குத்தான் நின்றது.