கூலன்ட் சூட்டில் தாவர எண்ணெய்: பழைய டீசல் டிரக்கில் ஹோஸ் இணைக்கும் முறை

வாணலியில் எண்ணெய் ஊற்றியதும் அது விழுந்த இடத்திலேயே மெத்தென்று நிற்கும். அடுப்புச் சூடு ஏறிய பிறகு வாணலியைச் சற்றே சாய்த்தாலும் தண்ணீர்போல் சரசரவென்று ஓடும். டீசல் இன்ஜினில் சமையல் எண்ணெயை எரிக்க வேண்டுமென்றால் நமக்குத் தேவை அந்த ஓட்டம்தான்.

40 டிகிரி செல்சியஸில் டீசலின் பாகுநிலை ஏறக்குறைய 2 முதல் 4 சென்டிஸ்டோக். அதே சூட்டில் சோயா, கனோலா எண்ணெய்களுக்கு 30-ஐத் தாண்டும். 80 டிகிரிக்குக் கொண்டுபோனால் பத்துப் பன்னிரண்டுக்கு இறங்கிவிடும். குளிர்ந்த எண்ணெயை இன்ஜெக்டர் பனிப்புகையாகத் தூவாது, தாரையாகப் பீய்ச்சும். எரியாமல் மிஞ்சுவது இன்ஜெக்டர் முனையில் கரியாகப் படியும், பிஸ்டன் ரிங்கைப் பிடித்துக்கொள்ளும், இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்புக்குள் இறங்கி அந்த ஆயிலைக் கூழாக்கும். 1900-இல் பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு சிறிய டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. ஓடுமா என்பதில் சந்தேகமில்லை. பல ஆயிரம் மைல் கெடாமல் ஓடுமா என்பதைச் சூடுதான் தீர்மானிக்கிறது.

அந்தச் சூட்டுக்குத் தனி அடுப்பு வேண்டாம். இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் கூலன்டிலேயே இருக்கிறது. தெர்மோஸ்டாட் அதை 82 முதல் 90 டிகிரி வரையில் நிறுத்திவைக்கிறது. அதை எண்ணெய்ப் பக்கம் கொண்டுபோய்த் திருப்பி அனுப்பும் வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்த டிரக்?

அமெரிக்காவில் இந்த வேலைக்குப் பலரும் தேடிப்போவது 1994 முதல் 1998 வரை வந்த டாட்ஜ் ராம் பிக்கப். 5.9 லிட்டர் 12 வால்வு கம்மின்ஸ் இன்ஜின், அதில் எரிபொருளை இன்ஜெக்டர்களுக்கு அழுத்தி அனுப்பும் பாஷ் பி7100 இன்லைன் பம்ப். முழுக்க மெக்கானிக்கல், கனமான எண்ணெயைத் தாங்கும் பம்ப். ரோட்டரி பம்ப் உள்ள வண்டிகளில் சூடு குறைந்தால் பம்பே உடையலாம். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து எரிபொருள் போகும் காமன் ரெயில் வண்டிகளில், முக்கியமாக 2007-க்குப் பின் வந்த புகை வடிகட்டி உள்ள டிரக்குகளில், இதைச் செய்யவே வேண்டாம். வடிகட்டியை எரித்துச் சுத்தப்படுத்தச் சிலிண்டருக்குள் கூடுதலாகத் தூவும் எரிபொருளில் கொஞ்சம் சம்பில் இறங்கும். டீசலாவது ஓரளவு ஆவியாகிப் போகும். தாவர எண்ணெய் போகாது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தாவர எண்ணெயைச் சாலை வாகன எரிபொருளாகப் பதிவுசெய்யவில்லை. அனுமதிச் சான்று இல்லாமல் வண்டியை மாற்றியமைப்பது தூய காற்றுச் சட்டத்தை மீறுவதாகும். உங்கள் மாநிலத்தில் எரிபொருள் வரி தனி. இரண்டையும் விசாரித்துவிட்டே ஸ்பேனரைத் தொடுங்கள்.

படி 1: தாளில் வரையுங்கள்

இரண்டு டேங்க் வேண்டும். டீசலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் எண்ணெய்க்கு மாறி, நிறுத்துவதற்கு முன் மறுபடி டீசலுக்கு வர வேண்டும். எண்ணெய் டேங்க் பின்னால் பெட்டியில் இருக்கும். கூலன்ட் போக வேண்டிய இடங்கள் மூன்று: டேங்க்கின் அடியில் உள்ள சுருள், ஃபில்டர், பம்புக்குச் சற்று முன்னால் பொருத்தும் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (கூலன்டின் சூட்டைத் தகடுகள் வழியாக எண்ணெய்க்கு மாற்றுவது).

மூன்றையும் ஒரே வரிசையில் கோத்தால் கேபின் ஹீட்டருக்குப் போகும் ஓட்டம் குறையும். குளிர்காலத்தில் கண்ணாடிப் பனி விலகாது. என் விருப்பம் இப்படி: எக்ஸ்சேஞ்சரும் ஃபில்டரும் ஹீட்டர் ஹோஸிலேயே நேராக வரட்டும். டேங்க்குக்கு மட்டும் T வடிவ இணைப்பு போட்டுத் தனிக் கிளை. கிளையின் இரண்டு முனையிலும் கையால் திருப்பி மூடும் பந்து வால்வு (ball valve). பின்னால் ஹோஸ் வெடித்தால் வால்வை மூடிவிட்டு வீடு வந்து சேரலாம். டேங்க்கில் எண்ணெய் உறிஞ்சும் பதத்துக்கு இளகினால் போதும். நாள் முழுக்கக் கொதிக்கவிட்டால் காற்றோடு சேர்ந்து பிசினாகிவிடும்.

படி 2: சரியான ஹோஸைக் கண்டுபிடியுங்கள்

இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள ஃபயர்வாலுக்குள் இரண்டு ஹீட்டர் ஹோஸ்கள் போகும். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல் இரண்டையும் தொட்டுப் பாருங்கள். முதலில் சூடாவது இன்ஜினிலிருந்து வரும் ஹோஸ். எக்ஸ்சேஞ்சர் அதில்தான் வர வேண்டும்.

சில வண்டிகளில் அந்த ஹோஸில் ஒரு அடைப்பு வால்வு இருக்கும். ஏசி போட்டால் அது மூடிக்கொள்ளும். என் முதல் டிரக்கில் இதைக் கவனிக்காமல் வால்வுக்குப் பின்னால் இணைத்தேன். ஏப்ரல் முழுக்க அருமையாக ஓடியது. ஜூலையில் ஏசி போட்டு நெடுஞ்சாலையில் போனபோது டாஷ்போர்டு முள் நேராக நின்றது, புகை மட்டும் வெளுத்து வந்தது. நிறுத்திப் பார்த்தால் எக்ஸ்சேஞ்சர் வெறும் வெதுவெதுப்பு. ஆகவே வால்வு இருந்தால் அதற்கு முன்னால் இணைத்து, வால்வைச் சுற்றி ஒரு பைபாஸும் விடுங்கள். வால்வு மூடினாலும் கூலன்ட் நிற்கக் கூடாது.

படி 3: பொருள்கள்

ஹீட்டர் ஹோஸின் உள்விட்டம் பெரும்பாலும் 5/8 அங்குலம் அல்லது 3/4 அங்குலம். அளந்துவிட்டு வாங்குங்கள். கூலன்டுக்கான ஹோஸ் ஈபிடிஎம் ரப்பர். அதை எண்ணெய்ப் பக்கம் போட்டால் ஊறிப் பருத்து வழுக்கும். எண்ணெய்க்கு அலுமினியக் குழாயும், இணைப்புகளில் விட்டான் ரப்பரும் நல்லது. தாமிரக் குழாய் வேண்டாம். சூடான தாவர எண்ணெய் தாமிரத்தோடு கிடந்தால் சீக்கிரம் கெட்டிப்பட்டுப் பசையாகும். பிளேட் எக்ஸ்சேஞ்சரின் தகடுகளைத் தாமிரத்தால்தான் பற்றவைக்கிறார்கள், உண்மைதான். எண்ணெய் அங்கே தங்காமல் கடந்துபோவதால் அதை ஏற்றுக்கொள்கிறோம்.

படி 4: எக்ஸ்சேஞ்சரைச் சோதியுங்கள்

தயவுசெய்து இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். சூடான கூலன்ட் ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தில் இருக்கிறது. எக்ஸ்சேஞ்சருக்குள் மயிரிழை விரிசல் இருந்து, எண்ணெய்ப் பக்கம் பம்பால் உறிஞ்சப்படும் இடமாக இருந்தால் கூலன்ட் எரிபொருளில் கலக்கும். இன்ஜெக்ஷன் பம்ப் அதோடு முடிந்தது. புதிதாக வாங்கியதானாலும் ஒரு பக்கத்தின் இரு துளைகளை அடைத்து, சைக்கிள் பம்பாலோ கம்ப்ரஸராலோ 2 பார் காற்று ஏற்றி, வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் அமிழ்த்துங்கள். பிறகு மறுபக்கம். ஒரு குமிழி வந்தாலும் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள்.

பொருத்தும்போது ரேடியேட்டர் மூடிக்குக் கீழே இருக்கட்டும். இல்லையென்றால் காற்று அங்கே போய்க் குடியிருக்கும். கூலன்ட் நுழையும் முனையில் எண்ணெய் வெளியேற வேண்டும். இப்படி எதிரெதிராக ஓடினால், வெளியே வரும் எண்ணெய்க்குக் கடைசியாகக் கிடைப்பது புதிதாக வந்த சூடு.

படி 5: அறுத்து இணைத்தல்

இன்ஜின் முழுதாக ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். இந்த கம்மின்ஸில் 20 லிட்டருக்கு மேல் கூலன்ட் இருக்கும். அத்தனையும் வடிக்கத் தேவையில்லை. ஹோஸை இரண்டு பக்கமும் இடுக்கிக் கிளாம்பால் நசுக்கிப் பிடித்து நடுவில் அறுக்கலாம். வடிவதைச் சுத்தமான வாளியில் பிடித்து உடனே மூடிவையுங்கள். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாய் நக்கினால் செத்துவிடும்.

ஹோஸைக் கத்தியால் நேராக அறுங்கள். சரிவாக அறுத்தால் ஒரு ஓரம் ஃபிட்டிங்கின் மேட்டைத் தாண்டி உட்காராது. ஃபிட்டிங்கில் கிரீஸ் தடவாமல் கூலன்டாலேயே நனைத்து, திருகித் திருகி உள்ளே தள்ளுங்கள். மேட்டைக் கடக்கும்போது கைக்கு ஒரு சின்னத் தளர்வு தெரியும். கிளாம்ப் அந்த மேட்டுக்குப் பின்னால், ஹோஸ் விளிம்பிலிருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே வர வேண்டும். ரப்பர் கிளாம்பின் துளைகளில் பிதுங்கும் அளவுக்கு இறுக்காதீர்கள்.

டேங்க்குப் போகும் பாதையில் இரண்டு கூலன்ட் ஹோஸ்களுக்கு நடுவே எண்ணெய்க் குழாயை வைத்து மூன்றையும் ஒன்றாகக் கட்டி, மேலே நுரை உறை சுற்றுங்கள். கூலன்ட் ஹோஸுக்குள்ளேயே எண்ணெய்க் குழாயைச் செருகும் முறையும் உண்டு. அதில் உள்ளே கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது. முதல்முறை செய்பவர்களுக்கு நான் சொல்வதில்லை. எக்ஸாஸ்ட், டிரைவ்ஷாஃப்ட் இரண்டிலிருந்தும் விலக்கி ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு பிடிப்பு போடுங்கள்.

படி 6: நிரப்பிக் காற்று எடுத்தல்

கூலன்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி. வண்டியின் முகம் ஏற்றத்தைப் பார்க்க நிற்கட்டும். மூடியைத் திறந்தே வைத்து ஸ்டார்ட் செய்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, கூலன்ட் இன்னும் சூடாகாத நேரத்திலேயே புதிய ஹோஸ்களைக் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். குமிழிகள் மேலே வரும். டாஷ்போர்டுக்குப் பின்னால் களகளவென்று சத்தம் கேட்டால் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது. சத்தம் நின்றதும் மட்டத்தை நிரப்பி மூடிவிடுங்கள்.

படி 7: மாற்றும் நேரம்

டாஷ்போர்டு முள் காட்டுவது கூலன்டின் சூடு. நமக்கு வேண்டியது பம்புக்குள் நுழையும் எண்ணெயின் சூடு. எக்ஸ்சேஞ்சரைத் தாண்டிய எண்ணெய்க் குழாயில் ஒரு சென்சார் வைத்து, மீட்டரைக் கண்ணெதிரே பொருத்துங்கள். 70 டிகிரி காட்டிய பிறகுதான் எண்ணெய்க்கு மாற வேண்டும். "பத்து நிமிடம் ஓட்டியாயிற்று, போதும்" என்ற கணக்கு ஜனவரியில் கைவிட்டுவிடும்.

நிறுத்துவதற்கு முன் முதலில் பம்புக்கு எரிபொருள் வரும் பக்கத்து வால்வை மட்டும் டீசலுக்குத் திருப்புங்கள். மிஞ்சும் எரிபொருள் திரும்பும் குழாய் எண்ணெய் டேங்க்குக்கே போகட்டும். அதில் ஒரு துண்டு ஒளிபுகும் ஹோஸ் வைத்தால் நிறம் மாறுவது தெரியும். அதற்கு எத்தனை விநாடி ஆகிறதென்று ஒருமுறை எண்ணி, இன்னும் பாதி சேர்த்துக்கொண்டு, பிறகு திரும்பும் குழாயை டீசல் டேங்க்குக்கு மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்துத் திருப்பினால் ஒவ்வொரு முறையும் டீசல் டேங்க்கில் கொஞ்சம் எண்ணெய் ஏறும். ஒரு குளிர்காலக் காலையில் வண்டி கிளம்பாது.

ஊற்றும் எண்ணெய் வடிகட்டித் தண்ணீர் நீக்கியதாக இருக்க வேண்டும். சூடான கரண்டியில் ஒரு சொட்டு விடுங்கள். கடுகுபோல் படபடத்தால் தண்ணீர் இருக்கிறது. இன்ஜின் ஆயிலை வழக்கத்தில் பாதித் தூரத்திலேயே மாற்றுங்கள்.

முதல் ஓட்டம் முடிந்ததும் டிரக்கின் அடியில் வெள்ளை அட்டை விரித்துவைத்துத் தூங்கப் போங்கள். ஹோஸ் சூட்டில் விரிந்து அடைத்துக்கொண்ட கசிவு, விடிகாலைக் குளிரில் சுருங்கும்போதுதான் சொட்டும். அட்டையில் பச்சை வட்டம் இருந்தால் அதற்கு நேர் மேலே உள்ள கிளாம்பைக் கால் சுற்று இறுக்கி, மறுநாளும் அட்டையை விரியுங்கள்.