வேலைக்குப் போகும் பெண்கள் வீட்டுப் பொறுப்பைப் பிரித்துக்கொள்வது எப்படி?

அலுவலகத்தையும் குடும்பத்தையும் ஒருசேர நடத்த விரும்பும் பெண் அதிகாலை நான்கரை மணிக்கே எழுந்துகொள்ள வேண்டும் என்பதுதான் பெரும்பாலோர் சொல்லும் யோசனை. இருக்கிற வேலை முழுவதையும் ஒரே ஆளின் தலையில் விட்டுவிட்டு, அந்த ஆளின் தூக்கத்தில் கைவைக்கும் யோசனை இது. அம்பத்தூரிலிருந்து தரமணிக்கோ, தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்கோ தினமும் போய்வருகிறவருக்கு, விட்டுக்கொடுப்பதற்கு அவ்வளவு தூக்கமும் மிச்சமில்லை. ஆகவே நேரத்தைத் தேடுவதற்கு முன், வீட்டில் எந்தப் பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்று கணக்கெடுப்பது நல்லது.

கணவனும் மனைவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை உட்கார்ந்து வீட்டு வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதைச் செய்பவரின் பெயரோடு, அதை நினைவில் வைத்திருப்பவரின் பெயரையும் தனி வரிசையாக எழுதுங்கள். சிலிண்டர் பதிவு, தண்ணீர் கேன், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கட்டும் மின் கட்டணம், எந்தக் கிழமைக்கு வெள்ளைச் சீருடை, கைக்குழந்தைக்கு 6, 10, 14ஆவது வாரங்களில் போட வேண்டிய தடுப்பூசி, மாமனாரின் சர்க்கரை மாத்திரை தீரும் நாள் என்று பட்டியல் நீளும். சமையலில் பாதியைக் கணவர் செய்கிற வீட்டில்கூட, இரண்டாவது வரிசையில் மனைவியின் பெயரே திரும்பத் திரும்ப வருவது வழக்கம். அலுவலகக் கூட்டத்தின் நடுவில் மனம் வீட்டுக்கு ஓடுவது இந்த வரிசையால்தான்.

எனவே பிரித்துக் கொடுக்கும்போது ஒரு வேலையைத் துண்டாக்காமல், தொடக்கம் முதல் முடிவு வரை ஒருவரிடமே கொடுங்கள். இட்லி மாவையே எடுத்துக்கொள்வோம். கிரைண்டரைப் போடுவது மட்டும் கணவரின் பங்கு என்றால், உளுந்து இருக்கிறதா, அரிசி ஊறப்போட்டாயிற்றா என்ற கவலை உங்களிடமே தங்கிவிடும். மாவு முழுவதும் அவருடையது என்றால், நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று வாங்கிவைப்பதும், ஞாயிறு காலையில் ஊறவைப்பதும், உளுந்து பொங்கி வரும்வரை தண்ணீர் தெளித்து அரைத்து வழிப்பதும், உப்பிட்டுக் கையால் கரைப்பதும், சித்திரை வெயிலில் மாவு சீக்கிரமே பொங்கிவிடும் என்பதால் படுக்கப்போகும் முன் ஃபிரிட்ஜுக்குள் எடுத்துவைப்பதும், மார்கழியில் விடியும்வரை வெளியிலேயே விடுவதும், கடைசியில் கிரைண்டர் கல்லைக் கழுவிக் கவிழ்ப்பதும் அவருடைய வேலைகளே. தொடக்கத்தில் சில வாரம் மாவு புளித்துப்போகும், அல்லது இட்லி கல்லாக இருக்கும். அப்போது குறுக்கே போய்த் திருத்தாமல், ரவை உப்புமாவோடு காலையைக் கடத்திவிடுவதுதான் இதில் உள்ள கடினமான பகுதி. திருத்தப் போனால் மாவு மறுபடியும் உங்கள் பொறுப்பாகிவிடும். (தெருமுனைக் கடையில் மாவு வாங்குவதிலும் தவறில்லை. அதற்கு மாமியார் முகம் சுளித்தால், பதில் சொல்ல வேண்டியவர் அவருடைய மகன்தான்.)

குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மாவோ மாமியாரோ ஊரிலிருந்து வந்து தங்கும் வீடுகள் சென்னையில் நிறைய உண்டு. அறுபதைத் தாண்டியவரிடம் குழந்தையையும் சமையலையும் சேர்த்து ஒப்படைத்தால் அந்த ஏற்பாடு நீடிக்காது. சமையலுக்கோ பாத்திரத்துக்கோ ஆள் வைத்துவிட்டு, அவர் ஊருக்குப் போய்வர வேண்டிய நாட்களையும் முன்னதாகவே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தில் கேட்க வேண்டியவற்றைத் தயங்காமல் கேட்பதற்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டபோது, முதல் இரண்டு குழந்தைகளுக்கான ஊதியத்துடன் கூடிய விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்ந்தது. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாட்கள் வேலை செய்திருந்தால் இதற்குத் தகுதி உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்துதர வேண்டும் என்பதும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம் என்பதும், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு இடைவேளைகள் உண்டு என்பதும் சட்டப்படியான உரிமைகள். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவை இடம்பெற்றுள்ளன. தமிழ்நாடு அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு 2021 ஜூலை முதல் இந்த விடுப்பு 12 மாதம். விடுப்பு முடிந்தபின் வீட்டிலிருந்து வேலை செய்வது மட்டும், வேலையின் தன்மை இடங்கொடுத்து இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் நடப்பது. ஆகவே அதை விடுப்பில் போகும் முன்பே மின்னஞ்சலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். அன்று சரியென்று தலையாட்டிய மேலாளர், நீங்கள் திரும்பிவரும்போது வேறு பிரிவுக்குப் போயிருக்கலாம்.

காப்பகக் கட்டணமும் ஆள் சம்பளமும் போக என் சம்பளத்தில் என்ன மிஞ்சுகிறது, வேலையை விட்டுவிடலாமே என்ற பேச்சு பல வீடுகளில் எழுகிறது. அந்தக் கணக்கே தவறாகத் தொடங்குகிறது. குழந்தை இருவருக்கும் பொது என்பதால் அந்தச் செலவை இருவர் வருமானத்தின் கூட்டுத்தொகையிலிருந்து கழிக்க வேண்டும். வருங்கால வைப்புநிதி, ஊதிய உயர்வு, நிரந்தரப் பணியில் ஐந்தாண்டுத் தொடர்பணிக்குக் கிடைக்கும் பணிக்கொடை ஆகியவற்றையும் எதிர்ப்பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். 26 வார மகப்பேறு விடுப்பும் பணிக்கொடைக்கான தொடர்பணியில் சேரும்.

பழைய மகாபலிபுரம் சாலையில் அமெரிக்க நிறுவனங்களுக்காக வேலை செய்கிறவர்கள் நவம்பர் மாதத்தைத் தனியாகத் திட்டமிட வேண்டும். நியூயார்க்கின் காலை 9 மணிக் கூட்டம் கோடையில் நமக்கு மாலை 6.30, நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியதும் அதே கூட்டம் இரவு 7.30 ஆகிவிடும், மார்ச் வரை அப்படியே நீடிக்கும். வடகிழக்குப் பருவமழை வலுப்பதும், அரையாண்டுத் தேர்வு நெருங்குவதும், மாவட்ட ஆட்சியரின் பள்ளி விடுமுறை அறிவிப்பு இரவிலோ விடியற்காலையிலோ வருவதும் இதே வாரங்களில்தான். அக்டோபரிலேயே, கூட்டத்தை அவர்கள் கணக்கில் காலை 8 மணிக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். அமெரிக்க ஆட்களில் பலருக்கு இந்த ஒரு மணி நேர வித்தியாசம் நினைவில் இருப்பதே இல்லை, சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். மழை விடுமுறையின் முதல் நாளில் யார் வீட்டில் இருப்பது, இரண்டாம் நாளில் யார் என்பதையும் அப்போதே பேசி, இருவரும் அதற்கென்று சில நாள் விடுப்பை ஒதுக்கிவையுங்கள். விடியற்காலை ஐந்தரைக்கு அறிவிப்பைப் பார்த்தபின் பேசத் தொடங்கினால், விடுப்பு எடுப்பது அநேகமாக நீங்களாகவே இருப்பீர்கள்.

இரவு 8 மணிக்கு மேல் வேலை நீளும் என்றால், உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் வீடு திரும்ப வண்டி வசதியும் நிறுவனம் கவனித்தாக வேண்டியவை. ஒப்புதலில் கையெழுத்திடும் முன், வண்டி வீட்டு வாசல்வரை வருமா, மழையில் தெருவில் தண்ணீர் நின்றால் ஓட்டுநர் எங்கே இறக்கிவிடுவார், கடைசியாக இறங்கும் பெண்ணோடு காவலர் வருவாரா என்ற மூன்றையும் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.