சிபிடி எண்ணெய் விற்பனை: விளம்பரம் போடும் முன் லேபிளைச் சரிபாருங்கள்

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், கஞ்சாச் செடியில் உள்ள போதை தராத வேதிப்பொருளான சிபிடியைப் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. செடியின் எந்தப் பாகத்திலிருந்து சரக்கு வந்தது என்றுதான் அது கேட்கிறது. பூவும் காயும் உள்ள நுனியும் பிசினும் தடைக்குள் வரும். அந்த நுனியோடு சேராமல் தனியே இருக்கும் விதையும் இலையும் 'கஞ்சா' என்ற வரையறைக்குள் வராது. ஆனாலும் இலை விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். ஆகவே விளம்பர வாசகம் எழுத உட்காரும் முன், சப்ளையரிடம் மூலப்பொருள் எந்தப் பாகம் என்பதையும், இலை என்றால் அதற்கான மாநில அனுமதியையும் எழுத்தில் வாங்குங்கள். "எல்லாம் லீகல்தான் சார்" என்ற வாட்ஸ்அப் பதில் ஆவணம் ஆகாது.

அடுத்து, உங்கள் பாட்டில் உணவா, மருந்தா? இரண்டாகவும் இருக்க முடியாது. சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

உணவு என்றால், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதி. 2021-இல் விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றுக்கு மட்டும் அனுமதி வந்தது. போதை தரும் பொருளான டிஎச்சி, விதையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம், எண்ணெயில் 10 மில்லிகிராம் தாண்டக் கூடாது. சிபிடிக்கு உச்சவரம்பு கிலோவுக்கு 75 மில்லிகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 30 மில்லி எண்ணெய் சுமார் 28 கிராம் எடை. அதில் இருக்கக்கூடிய சிபிடி 2 மில்லிகிராம்தான். உணவு லைசென்ஸ் எண்ணை அச்சடித்துவிட்டு, பக்கத்திலேயே '1000 மி.கி. சிபிடி' என்று போட்டால், அந்த லேபிளே உங்களுக்கு எதிரான வாக்குமூலம். இந்த லேபிளில் கஞ்சா இலைப் படமும் கூடாது, போதை தரும் என்ற சாயலில் ஒரு சொல்லும் கூடாது.

இலைச் சாறு மருந்து என்றால், ஆயுர்வேதம் போன்ற இந்திய மருத்துவ முறைகளுக்கான ஆயுஷ் வழி. தயாரிப்பவரிடம் படிவம் 25-டி லைசென்ஸ் இருக்க வேண்டும்; லேபிளில் உள்ள பெயர் லைசென்ஸில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பாங்கு (கஞ்சா இலை), மருந்துச் சட்ட விதிகளின் இ-1 அட்டவணையில் உள்ள நச்சுப்பொருள். எனவே உள்ளுக்குச் சாப்பிடும் மருந்தில் 'மருத்துவக் கண்காணிப்பில் உட்கொள்ளவும்' என்ற எச்சரிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் கட்டாயம்.

லேப் ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது பேட்ச் எண். போன வருட ரிப்போர்ட்டை இந்த வருட பாட்டிலுக்கு ஒட்டுவது சந்தையில் சகஜம், சோதனையில் முதலில் பிடிபடுவதும் அதுதான். டிஎச்சியோடு, அதன் அமில வடிவமான டிஎச்சிஏ அளவும் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்; சூடுபட்டால் பின்னது முன்னதாக மாறிவிடும். டிஎச்சிஏ அளவை 0.877-ஆல் பெருக்கி டிஎச்சியோடு கூட்டினால் மொத்த அளவு கிடைக்கும்.

வாசகத்துக்கு வருவோம். 1954-ஆம் ஆண்டின் மாயமருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் 54 நோய்கள் இருக்கின்றன. புற்றுநோய், நீரிழிவு, வலிப்பு, ரத்த அழுத்தம், வாதம் எல்லாம் அதில் உண்டு. சிபிடி விற்பவர்கள் ஆசையாக எழுதுவதும் இவற்றைத்தான். லேபிள், உறை, சுற்றறிக்கை, வாய்மொழி அறிவிப்பு எதுவானாலும் அந்தச் சட்டத்தின் பார்வையில் விளம்பரமே. புகையால் செய்யும் அறிவிப்பைக்கூட அன்றே சேர்த்துவிட்டார்கள், ரீல்ஸ் எம்மாத்திரம்? 'அம்மாவின் மூட்டுவாதம் பத்தே நாளில் போச்சு' என்று வாடிக்கையாளர் எழுதியதை நீங்கள் மேலே பின் செய்து வைத்தால், அதைச் சொல்வது நீங்கள்தான். விதை எண்ணெய்க்கு 'குளிர்முறையில் பிழிந்தது, சாலட்டில் ஊற்றிச் சாப்பிடலாம், சூடாக்க வேண்டாம்' என்பது போதும்.

இன்ஃப்ளூயன்சர் பேசினால் அது பணம் வாங்கிய விளம்பரம் என்ற குறிப்பு வீடியோவின் மேலேயே இருக்கட்டும். கேப்ஷனின் அடியில் ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளிப்பது செல்லாது. தவறான விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. பேசியவருக்கும் அது பொருந்தும்.

கூகுள், மெட்டா கட்டண விளம்பரங்களை நம்பி பட்ஜெட் போடாதீர்கள். சிபிடிக்கு அங்கே கிடைக்கும் விலக்குகள் அமெரிக்கச் சந்தையை ஒட்டியவை. 'சி.பி.டி' என்று புள்ளி வைத்து ஏமாற்றப் பார்த்தால் விளம்பரத்தோடு கணக்கும் போகும். வெளிநாட்டு ஆர்டர் வந்தாலும் சிங்கப்பூர், துபாய் முகவரிகளுக்கு அனுப்பாதீர்கள்; பார்சலை வாங்குபவர்தான் அங்கே கைதாவார்.