பழைய கெப்புக்கு இழுவை கூட்டுறது எப்பிடி: எதை முதல் செய்யணும், எதுக்குப் பிறகு சல்லி செலவழிக்கணும்

எங்கட மட்டக்களப்பு தட்டை நிலம். கல்லடியில இருந்து களுவாஞ்சிக்குடி வரைக்கும் போனாலும் ஏத்தம் எண்டு சொல்ல பாலத்தத் தவிர ஒண்டும் இல்ல, அதால கெப்புக்கு (பிக்கப் வண்டி) இழுவை குறைஞ்சு போனது தெரியாமலே வருசக்கணக்கா ஓடித் திரிவம். தெரியவாறது எப்ப எண்டா, லோட் ஏத்திக்கொண்டு செங்கலடியால கிறுகி பதுளை ரோட்டுல போகக்க. மகாஓயா வரைக்கும் ஒரு குறையும் இல்ல, பிபிலை தாண்டி லுணுகலைப் பக்கம் ஏறத் தொடங்கினா மூண்டாம் கியர் ரெண்டாகும், ரெண்டு ஒண்டாகும், பின்னால வாற பஸ்காரன் ஹோர்ன் அடிச்சே ஆளைக் கொண்டு போடுவான். அப்பதான் பெரிய எஞ்சின் ஒண்டு போட்டா என்ன எண்டு யோசினை வரும்.

எனக்கும் அப்பிடித்தான் வந்தது. நான் செஞ்சதெல்லாம் தலைகீழ். முதல்ல வடிவுக்குப் பெரிய டயர் போட்டன், மறுகா இழுக்குதில்ல எண்டு ஒரு கராஜ்ல டீசல் கூடப் போக பம்ப் ஸ்க்ரூவ முறுக்கிக் குடுத்தாங்க, ஒரு கிழமை நல்லா இழுத்த மாதிரித்தான் இருந்தது, பின்னால கறுப்புப் புகை எண்டா ஊரே திரும்பிப் பாக்கும். அடுத்த மாசம் மீன் பெட்டியோட ஏறக்க ஹெட் கேஸ்கட் போய், ஐஸ் கரையிறதப் பாத்துக்கொண்டு ரோட்டோரம் குந்தி இருந்தன். அதாலதான் இந்த ஒழுங்குமுறைய எழுதுறன், இத நேராச் செஞ்சிருந்தா அரைவாசி சல்லி மிச்சம்.

ஒண்டு சொல்லிப்போட்டுத் தொடங்குறன். இது பழைய சாதா டீசல் கெப்புகளுக்கு. டொயோட்டா ஹைலக்ஸ் 2எல், 3எல், மிட்சுபிஷி எல்200ல வந்த 4டி56, நிசான் டிடி27 அந்தக் காலத்துச் சாமான்கள். கொமன் ரெயில் போட்ட புது வண்டிகள் கம்பியூட்டரோட ஓடுறது, அதுகளுக்கு இது சரிவராது.

படி 1: எஞ்சின்ல கை வைக்க முன்ன, இருக்கிற இழுவை எங்க போகுது எண்டு பாருங்க

பொனட்டத் திறக்கவே வேணாம். ஒவ்வொரு சில்லா ஜக் அடிச்சு நியூட்ரல்ல கையால சுத்திப் பாருங்க, இறுகிச் சுத்தினா பிரேக் பிடிச்சுக்கொண்டு நிக்குது, எங்கட உப்புக் காத்துக்கும் மாரித் தண்ணிக்கும் வீல் சிலிண்டர் துருப்பிடிக்கிறது சாதாரணம். மறுகா ஓடக்க நாலாம் கியர்ல மெதுவாப் போய் ஒரேயடியா அக்சிலேற்றர மிதியுங்க, எஞ்சின் சத்தம் ஏறுது ஆனா வண்டி ஏறுதில்ல எண்டா கிளச் பிளேட் வழுக்குது.

இன்னொண்டு, இதுக்கு மட்டும் பொனட்டத் திறக்கணும், ஆனா ஒரு சதமும் செலவில்ல. எஞ்சின நிப்பாட்டிப்போட்டு ஒராள் அக்சிலேற்றர அடிமட்டும் மிதிக்க, நீங்க டீசல் பம்ப்ல இருக்கிற லீவர் கடைசி வரைக்கும் போய் முட்டுதா எண்டு பாருங்க. கேபிள் இழுபட்டு லூசாகி முக்கால்வாசியில நிக்கிற வண்டிகள் கனக்க இருக்கு.

டயர் விசயம் கொஞ்சம் விளக்கமாச் சொல்லணும். நாலு சில்லும் இழுக்கிற ஹைலக்ஸுக்கு வந்த 205ஆர்16 டயர்ட உயரம் கிட்டத்தட்ட 742 மில்லிமீற்றர். அதக் கழட்டிப்போட்டு 265/75ஆர்16 போட்டா 804 வரும். 8 வீதம் உயரம் கூடுது, அப்ப அதே எஞ்சின், அதே கியர், ரோட்டுல தள்ளுற பலம் கிட்டத்தட்ட 8 வீதம் குறையும். மீற்றரும் பொய் சொல்லும், அதுல 60 காட்டக்க நீங்க 65ல போறீங்க. நான் பழைய அளவுக்குத் திரும்பப் போட்ட அண்டே வித்தியாசம் தெரிஞ்சது, வடிவு போனதுதான் கவலை.

படி 2: காத்தும் டீசலும்

டீசல் எஞ்சின் எண்டது எவ்வளவு காத்து உள்ள போகுதோ அவ்வளவு டீசலத்தான் ஒழுங்கா எரிக்கும், இத மட்டும் மனசில வச்சிருந்தா கராஜ்ல உங்கள ஏமாத்துறது கஸ்டம். வெட்டுக் காலத்துல படுவான்கரைப் பக்கம் கிரவல் ரோட்டுல ரெண்டு நாள் ஓடினாலே எயார் பில்டர் மண்ணாப் போயிடும். மாத்துங்க. ஊதி ஊதிப் பாவிக்கிறது கொஞ்ச நாளைக்குத்தான்.

கூம்பு மாதிரி சிவப்பு பில்டர் விக்கிறாங்களே, பழைய டீசலுக்கு அத வாங்க வேணாம். பொனட்டுக்குள்ள இருக்கிற சூட்டுக் காத்தத்தான் அது இழுக்கும், எங்கட தூசிக்கும் தாங்காது. காத்து இழுக்கிற குழாயக் கீழ இறக்கி வைக்கிற வேலையும் வேணாம், மாரியில ரோட்டுக்கு மேல தண்ணி நிக்கக்க ஒரு இழுவை தண்ணி உள்ள போனாலே கொன்ரொட் (பிஸ்டனத் தாங்குற தண்டு) வளைஞ்சிடும், தண்ணிய அமத்தேலா.

டீசல் பில்டர மாத்தி, அதுக்குக் கீழ இருக்கிற தண்ணி வடிக்கிற பூட்டத் திறந்து வடியுங்க. 2022 தட்டுப்பாட்டு நேரம் கேன்லயும் பரல்லயும் சேத்து வச்ச டீசல ஊத்தின வண்டி எண்டா டாங்கியக் கழட்டி ஒருக்காக் கழுவுறது நல்லம். மண்ணெண்ணெய் கலக்கிறத விட்டிடுங்க, இந்தப் பம்ப்புக்கு எண்ணெய்ப் பசை குடுக்கிறதே டீசல்தான்.

படி 3: எஞ்சின்ட உடம்பு நிலைய அளந்து பாருங்க

புகைய முதல் பாருங்க. லோட்ல கறுப்பு எண்டா டீசல் கூட, இல்லாட்டி காத்துக் குறைவு. நீலம் எண்டா எண்ணெய் எரியுது. எஞ்சின் சூடாகின பிறகும் வெள்ளை போனா டீசல் எரியாமப் போகுது, இல்ல தண்ணி உள்ள போகுது.

மறுகா கொம்பிரசன், எண்டா பிஸ்டன் காத்த எவ்வளவு அமத்துது எண்டு பாக்கணும். பெற்றோல் வண்டிக்குப் பாக்கிற மீற்றர் இதுக்குச் சரிவராது, டீசலுக்கெண்டு கூடின அளவு காட்டுறது வேணும், ஹீற்றர் பிளக் ஓட்டையால பாப்பாங்க. 2எல் எஞ்சினுக்குப் புதுசில சதுர சென்ரிமீற்றருக்கு 32 கிலோ மாதிரி இருக்கும், 20க்குக் கீழ போனாலும் சிலிண்டருக்குச் சிலிண்டர் 5க்கு மேல வித்தியாசம் வந்தாலும் அந்த எஞ்சினக் கழட்டிச் செய்யிற காலம் வந்திட்டு எண்டு அர்த்தம். நாலு நம்பரையும் எழுதி எடுங்க, "நல்லாத்தான் கிடக்கு" எண்ட பேச்சக் கேட்டுக்கொண்டு வந்திடாதீங்க.

கொம்பிரசன் சரி எண்டா நொசில் (டீசல் விசிறுற முனை) நாலையும் டீசல் பம்ப் செய்யிற பம்ப் ரூமுக்குக் குடுத்து செக் பண்ணுங்க, வால்வ் இடைவெளி பாருங்க, பம்ப் டைமிங் பாருங்க. டைமிங் பெல்ட் இருக்கிற எஞ்சின்ல (டிடி27க்கு பெல்ட் இல்ல, பல்சக்கரம்தான்) பெல்ட் மாத்தி 100,000 கிலோமீற்றர் ஆகியிருந்தா, இல்ல எப்ப மாத்தின எண்டே தெரியாட்டி, முதல் வேலை அதுதான். பெல்ட் போனா வால்வும் பிஸ்டனும் முட்டும், அதுக்குப் பிறகு இழுவையப் பத்தி யோசிக்க எஞ்சினே இருக்காது.

இதுவரைக்கும் செஞ்சதோட கனபேருக்கு அலுவல் முடிஞ்சிடும். எனக்கும் பாதிக்கு மேல இதுலதான் திரும்பக் கிடைச்சது.

படி 4: சூட்டக் கட்டுப்படுத்துங்க

பலம் கூட்டினா சூடு கூடும். எங்கட கடக்கரைப் பக்கம் ரேடியேற்றர்ட செதில்கள் உப்புக்கு உதிர்ந்து போயிருக்கும், கையால தடவிப் பாருங்க, பொடியாக் கொட்டினா புதுசு போடுங்க. கிணத்துத் தண்ணி ஊத்தாம கூலன்ட் பாவியுங்க. முன் விசிறி, எஞ்சின் சூடா இருக்கக்க நிப்பாட்டிப்போட்டு, கையால சுத்தினா கொஞ்சம் இறுக்கமாச் சுத்தணும், சும்மா சுழண்டா அதுட கப்ளிங் போயிட்டு.

தேர்மோஸ்டாட்டக் கழட்டி எறிஞ்சா குளிர்ச்சி எண்டு ஒரு கதை இருக்கு, ஆர் தொடக்கி வச்சதோ தெரியா. டொயோட்டா எஞ்சின்ல அதக் கழட்டினா தண்ணியில ஒரு பங்கு ரேடியேற்றருக்குப் போகாம குறுக்கு வழியால எஞ்சினுக்கே திரும்பும், ஏத்தத்துல இன்னும் கூட ஹீற் ஆகும். புதுசு ஒண்டு வாங்கிப் போடுங்க, விலை பெரிசில்ல.

படி 5: இப்பதான் தெரிவு

இன்னும் வேணும் எண்டா வழி மூண்டு.

முதலாவது, இருக்கிற எஞ்சினையே முழுசாச் செய்யிறது. பிஸ்டன், ரிங், பெயாரிங், ஹெட் எல்லாம். கம்பனி குடுத்த பலம் திரும்ப வரும், அதுக்கு மேல வராது.

ரெண்டாவது, அதே குடும்பத்துல பெரிசு போடுறது. எனக்குப் பிடிச்சது இதுதான். 2எல் 2446 சிசி, 3எல் 2779, 5எல் 2986. 2எல் கழட்டி 3எல் போட்டா 14 வீதம் கொள்ளளவு கூடுது, 5எல் எண்டா 22 வீதம். டேர்போ (புகைட வேகத்தால சுத்தி காத்த அமத்தி உள்ள தள்ளுற சாமான்) இல்ல, வயர் சிக்கல் இல்ல, அதே கியர்பெட்டியில இருக்கும், எங்கட எந்தக் கராஜ்லயும் கை வைப்பாங்க. 3எல் எஞ்சின் டொல்பின் வேன்கள்லயும் வந்தது எண்டதால சாமான் தேடி அலையத் தேவையில்ல. வேன்ல இருந்து எடுத்தா சம்பும் (கீழ இருக்கிற எண்ணெய்த் தட்டு) மவுன்டும் உங்கட பழையதுல இருந்து மாத்த வேண்டி வரும், அத முதலே கேட்டுப்போட்டு விலை பேசுங்க.

மூண்டாவது, டொயோட்டாட 1கேஇசட் மாதிரி டேர்போ எஞ்சின் போடுறது. பலம் நல்லாக் கூடும், பொய் சொல்லேல. ஆனா அதுல கனக்க வாறது எலக்ட்ரோனிக் பம்ப், அதுட கம்பியூட்டர் பெட்டியும் வயர் கட்டும் சென்சரும் முழுசா அதே வண்டியில இருந்து வரணும், ஒரு வயர் வெட்டுப்பட்டிருந்தாலும் மாசக்கணக்கா கராஜ்லதான் கிடக்கும். கிளச், பிரேக், ரேடியேற்றர் எல்லாம் சேத்துச் செய்யணும். முதல்தரம் செய்யிற ஆளுக்கு இது வேணாம்.

கொழும்புல பழைய வண்டிச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தைக்குப் போய் எஞ்சின் எடுக்கிறீங்க எண்டா, ஓடவிட்டுப் பாக்காம வாங்காதீங்க. பச்சைக் குளிர்ல ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க, முன்னமே சூடாக்கி வச்சிருந்தா சந்தேகப்படுங்க. எண்ணெய் ஊத்துற மூடியத் திறந்தா புகை குபுகுபு எண்டு வரக்கூடா. எண்ணெய் பால்தேத்தண்ணி நிறத்துல இருந்தா கும்பிட்டுப்போட்டுத் திரும்பி வந்திடுங்க.

படி 6: பழைய எஞ்சினுக்கே டேர்போ பூட்டலாமா?

ஏலும், ஆனா பயந்து பயந்து. இந்த எஞ்சின்கள்ட கொம்பிரசன் விகிதம் ஏற்கனவே 22க்கு ஒண்டு மாதிரி, டேர்போவுக்கெண்டு செஞ்ச பிஸ்டனும் இல்ல. 7, 8 பிஎஸ்ஐக்கு மேல அமத்த வேணாம். டேர்போவுக்கு முன்னால புகைச் சூடு காட்டுற மீற்றர் கட்டாயம் பூட்டுங்க, அது 700 பாகை செல்சியசுக்கு மேல தொடர்ந்து நிண்டா கால எடுக்கணும். பம்ப் ஸ்க்ரூவ அதுக்குப் பிறகுதான் தொடணும், பழைய இடத்துல பெயின்ட் புள்ளி வச்சிட்டு கால் சுத்துக்கும் குறைவா, ஒவ்வொரு தரமும் ஓடிப் பாத்து. சைலன்சர் குழாயப் பெருப்பிக்கிறது டேர்போ வண்டிக்குப் பிரயோசனம், சாதா எஞ்சினுக்குச் சத்தம் மட்டும்தான் கூடும். கறுப்புப் புகை விட்டுக்கொண்டு திரிஞ்சா புகைப் பரிசோதனையில விழும், அது இல்லாம பிரதேச செயலகத்துல வரி லைசன் எடுக்கேலா.

படி 7: கடதாசி

எஞ்சின் நம்பரும் சிசியும் வண்டிட பதிவுப் புத்தகத்துல இருக்கு. எஞ்சின் மாத்தினா மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துல அதையும் மாத்திப் பதியணும், அதுக்கு வாங்கின எஞ்சினுக்கான பில்லும் இறக்குமதிக் கடதாசியும் தேவைப்படும், அதால சல்லி குடுக்க முன்னமே அத வாங்கிடுங்க. பிறகு தாறன் எண்டவன் தரமாட்டான். பதியாம விட்டா விக்கேக்கயும் இன்சூரன்ஸ் எடுக்கேக்கயும் மாட்டுவீங்க.

படி 8: ஓடவிட்டு அளக்கிறது

முழுசாச் செஞ்ச எஞ்சின் எண்டா முதல் 1000 கிலோமீற்றருக்கு லோட் ஏத்தாம, ஒரே வேகத்துல பிடிக்காம, கூட்டிக் குறைச்சு ஓடுங்க, மறுகா எண்ணெயும் பில்டரும் மாத்துங்க. வேலை தொடங்க முன்னமும் முடிஞ்ச பிறகும் ஒரே லோட்ல, ஒரே ஆள் ஓடி, கரடியனாத்துப் பக்கம் ஆளில்லாத நேர் ரோட்டுல மூண்டாம் கியர்ல 30ல இருந்து 60 வர எத்தனை செக்கன் எண்டு பக்கத்துல இருக்கிற ஆள போன்ல பிடிக்கச் சொல்லுங்க. நான் முதல்தரம் அத எழுதி வைக்கல்ல, அதால எனக்கு எவ்வளவு கூடின எண்டு கேட்டா, லுணுகலை ஏத்தத்துல இப்ப மூண்டாம் கியரே கன தூரம் தாங்குது, ஹீற் முள்ளு நடுவுக்கு மேல போறதில்ல எண்டு மட்டும்தான் சொல்லேலும். பஸ்காரன் இப்பவும் ஹோர்ன் அடிக்கிறான்தான்.