பழைய பக்கியில (பிக்கப் வண்டியில) பவர் விண்டோ நின்னுபோச்சா? மோட்டார் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

டோங்காட் டோல்ல முன்னாடி நிக்கிற பக்கிக்காரர் கண்ணாடியை இறக்காம டோரைத் திறந்து பாதி உடம்பை வெளிய நீட்டி காசு கொடுக்குறாரா, அப்போ அந்த வண்டில பவர் விண்டோ போச்சுன்னு அர்த்தம். தென்னாப்பிரிக்காவுல நம்ம டர்பன் பக்கம் இது சகஜம். கடல் உப்புக்காத்து ஒரு பக்கம், நார்த் கோஸ்ட்ல கரும்பு கொளுத்துற சீசன்ல பறந்து வர்ற கரி ஒரு பக்கம், அதோட வண்டிக்கும் பதினஞ்சு இருபது வயசு ஆயிடுது. ஹைலக்ஸ், இசுசு கேபி, ரேஞ்சர், ஹார்ட்பாடி எதுவா இருந்தாலும் டோருக்குள்ள நடக்குற கதை கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால இங்க சொல்ற முறை எல்லாத்துக்கும் பொருந்தும்.

கண்ணாடி நின்ன உடனே நேரா ஸ்பேர்ஸ் கடைக்குப் போய் மோட்டார் விலை கேக்குறாங்க பாருங்க, அதான் வீண் செலவோட ஆரம்பம். குழாய்ல தண்ணி வரலன்னா முதல்ல டேங்கைப் பாப்போம், குழாயை உடைக்க மாட்டோம்ல? இதுவும் அப்படித்தான். பேட்டரில இருந்து கரண்டு ஃபியூஸ், ரிலே (கரண்டால இயங்குற ஸ்விட்ச்), டிரைவர் டோர்ல இருக்கிற மாஸ்டர் ஸ்விட்ச், டோருக்கும் பாடிக்கும் நடுவுல போற ரப்பர் குழாய்க்குள்ள இருக்கிற வயர்னு தாண்டி கடைசியா தான் மோட்டாருக்கு வருது. காசு செலவில்லாத இடத்துல தொடங்கி ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டே வாங்க.

என்னென்ன வேணும்

ஒரு டெஸ்ட் லாம்ப் (கரண்டு வந்தா எரிஞ்சு காட்டுற பல்பு), ஒரு சாதாரண மல்டிமீட்டர், ஸ்க்ரூட்ரைவர் செட், 10 மில்லிமீட்டர் ஸ்பேனர், நல்ல அகலமான டேப், சிலிகான் ஸ்ப்ரே, கான்டாக்ட் கிளீனர். ரெண்டுல ஒண்ணு தான் வாங்க முடியும்னா மீட்டரை விட பல்பு வச்ச டெஸ்ட் லாம்பை வாங்குங்கன்னு தான் சொல்லுவேன், காரணம் கீழ வருது. கூட ஒரு ஆள் இருந்தா நல்லது, வீட்ல சின்னப் பசங்க இருந்தா ஸ்விட்ச் அமுக்குற வேலையை சந்தோஷமா செய்வாங்க, ஆனா டோருக்குள்ள உங்க கை இருக்கும்போது அவங்களை ஸ்விட்ச் கிட்டயே விடாதீங்க.

கண்ணாடி கீழ மாட்டிக்கிட்டா முதல்ல மேல ஏத்துங்க

ஜனவரி மாசம் சாயங்காலம் இடி மழை வந்தா சீட்டு நாறிடும், ராத்திரி தெருவுல திறந்த கண்ணாடியோட வண்டியை விட்டா காலைல என்னென்ன இருக்கும்னு சொல்ல முடியாது. கொஞ்சமாவது கண்ணாடி வெளிய தெரிஞ்சா ரெண்டு உள்ளங்கையையும் கண்ணாடிக்கு உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணா வச்சு இறுக்கி மேல இழுங்க, அதே நேரம் இன்னொருத்தர் மேல போற பக்கம் ஸ்விட்சை அமுக்கட்டும். நிறைய தடவை ஏறிடும். ஏறின உடனே கண்ணாடியை டோர் ஃப்ரேமோட சேத்து டேப் போட்டு ஒட்டிடுங்க, அப்புறம் நிதானமா வேலை பாக்கலாம்.

ஒண்ணும் கழட்டாம செய்யுற சோதனை

சாவியைப் போட்டு இக்னிஷன் ஆன் பண்ணுங்க, எஞ்சின் ஓட வேண்டாம். முதல்ல விண்டோ லாக் பட்டனைப் பாருங்க. சிரிக்காதீங்க, இதை யாரோ தெரியாம அமுக்கிட்டு மெக்கானிக் வரைக்கும் போன வண்டி நிறைய உண்டு.

அடுத்து எல்லா கண்ணாடியும் போச்சா இல்ல ஒண்ணு மட்டும் தானான்னு பாருங்க. எல்லாம் மொத்தமா செத்துப்போச்சுன்னா நாலு மோட்டாரும் ஒரே நாள்ல போக வாய்ப்பே இல்ல, ஃபியூஸ், ரிலே, மாஸ்டர் ஸ்விட்ச், டிரைவர் டோர் வயர் இந்த நாலுல தான் கோளாறு. ஒண்ணு மட்டும்னா அந்த டோர் பக்கம் தேடலாம்.

இப்ப உள்ள இருக்கிற ரூஃப் லைட்டைப் போட்டுக்கிட்டு, டோர் எல்லாம் மூடி, ஸ்விட்சை அமுக்கி லைட்டையே பாருங்க. லைட்டு லேசா மங்குதுன்னா கரண்டு மோட்டார் வரைக்கும் போகுது, ஆனா கண்ணாடியோ மோட்டாரோ எங்கயோ இறுகிக்கிடக்கு. கொஞ்சம் கூட மங்கலன்னா கரண்டே போகல, வழில எங்கயோ அறுந்திருக்கு. இந்த ஒரு சோதனைல பாதி வேலை முடிஞ்சுடுது, ஆனா ரூஃப் லைட் பழைய மாதிரி பல்பா இருக்கணும், எல்இடி மாத்தி இருந்தா சரியா தெரியாது.

காதையும் பயன்படுத்துங்க:

- மோட்டார் உர்ருன்னு சுத்துது ஆனா கண்ணாடி அசையலன்னா ரெகுலேட்டர் (மோட்டார் சுத்துறதை வச்சு கண்ணாடியை ஏத்தி இறக்குற அமைப்பு) போச்சு, கேபிள் அறுந்திருக்கும் இல்ல பல் தேஞ்சிருக்கும்.
- ஒரே ஒரு "டக்" சத்தம் மட்டும் வந்து நின்னா இறுக்கம், இல்லன்னா மோட்டார் பலவீனம்.
- சத்தமே இல்லன்னா ஸ்விட்சை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு மோட்டார் இருக்கிற இடத்துல, பெரும்பாலும் டோர் நடுவுல கொஞ்சம் கீழ, உள்ளங்கையால நல்லா ஒரு தட்டு தட்டுங்க. தட்டினதும் ஓடிச்சுன்னா மோட்டாருக்குள்ள கார்பன் பிரஷ் தேஞ்சுபோச்சு. இன்னும் கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் மாத்தியே ஆகணும்.

கண்ணாடி ஓடுது ஆனா ஆமை வேகத்துல ஏறுதா? அப்போ வயரைத் தொடாதீங்க, கண்ணாடி ஓடுற ரப்பர் பள்ளத்தைத் துணியால துடைச்சுட்டு சிலிகான் ஸ்ப்ரே அடிங்க. அந்தக் கரும்புச் சாம்பலும் தூசியும் ஈரத்தோட சேந்து அங்க தான் பசை மாதிரி பிடிச்சுக்கிடக்கும். பெட்ரோலியம் எண்ணெய், கிரீஸ் எதையும் ரப்பர்ல போடாதீங்க, ரப்பர் ஊதிப்போய் முன்னையும் விட இறுக்கிடும். நம்ம ஊர்ல ஸ்மாஷ் அண்ட் கிராப் ஃபிலிம் (கண்ணாடியை உடைச்சுத் திருடுறதைத் தடுக்க ஒட்டுற ஃபிலிம்) ஒட்டாத வண்டியே கம்மி, அந்த ஃபிலிம் ஓரத்துல உரிஞ்சு சுருண்டிருந்தாலும் உள்ள போய் சிக்கும், அதையும் ஒரு பார்வை பாத்துடுங்க.

ஃபியூஸ், ரிலே

ஃபியூஸ் பெட்டி டேஷ்போர்டுக்குக் கீழயோ எஞ்சின் பக்கமோ இருக்கும், மூடியோட உள்பக்கத்துல படம் போட்டிருப்பாங்க. பவர் விண்டோவுக்குப் பெரும்பாலும் 20ல இருந்து 30 ஆம்ப் வரைக்கும் இருக்கும். கண்ணால பாத்து நல்லாத்தான் இருக்குன்னு விட்டுடாதீங்க, டெஸ்ட் லாம்ப் கிளிப்பை பாடில சுத்தமான இரும்புல மாட்டிட்டு ஃபியூஸ் தலைல தெரியுற ரெண்டு புள்ளிலயும் தொட்டுப் பாருங்க, இக்னிஷன் ஆன்ல ரெண்டு பக்கமும் எரியணும். ஒரு பக்கம் மட்டும் எரிஞ்சா ஃபியூஸ் போச்சு. அதே ஆம்ப்ல புதுசு போடுங்க, சிகரெட் பேப்பர் தகடு சுத்துறது, பெரிய ஆம்ப் போடுறது எல்லாம் வண்டிக்குத் தீ வைக்கிற வேலை. புது ஃபியூஸும் உடனே போச்சுன்னா எங்கயோ வயர் பாடில உரசுது. ஒரு குறிப்பிட்ட ஸ்விட்சை அமுக்கும்போது மட்டும் போச்சுன்னா அந்த டோர் தான் குற்றவாளி.

ரிலேக்கு ஒரு சுலபமான வழி, அதே நம்பர் போட்ட இன்னொரு ரிலே, உதாரணத்துக்கு ஹாரனோடது, இருந்தா மாத்திப் போட்டுப் பாருங்க.

மாஸ்டர் ஸ்விட்ச்

நிறைய பேர் கோட்டை விடுற இடம் இது. பழைய பக்கி பலதுல பாசஞ்சர் கண்ணாடியோட ரெண்டு வயரும் டிரைவர் பக்க மாஸ்டர் ஸ்விட்ச் வழியா தான் போய் வரும். மோட்டாருக்குன்னு தனி எர்த் கிடையாது. ஸ்விட்சைத் தொடாம விட்டா ரெண்டு வயரும் எர்த்துல இருக்கும், மேல அமுக்கினா ஒரு வயருக்கு 12 வோல்ட் வரும், கீழ அமுக்கினா இன்னொரு வயருக்கு வரும், மத்தது எர்த்தாவே இருக்கும். மோட்டார் ரெண்டு பக்கமும் சுத்துறது இப்படித்தான். அதனால மாஸ்டர் ஸ்விட்சுக்குள்ள ஒரு தகடு கரிஞ்சாலும் பாசஞ்சர் பக்க ஸ்விட்ச் எவ்வளவு நல்லா இருந்தாலும் அந்தப் பக்கக் கண்ணாடி ஓடாது, இதைப் புரிஞ்சுக்காம பாசஞ்சர் மோட்டாரை மாத்தி ஏமாந்தவங்க எத்தனையோ பேர்.

ஸ்விட்சை மெதுவா நெம்பி எடுத்து பிளக்கைக் கழட்டி கான்டாக்ட் கிளீனர் அடிச்சு பத்து இருபது தடவை அமுக்கி விடுங்க. டீ, கூல்டிரிங் கொட்டின ஸ்விட்ச்னா திறந்து செம்புத் தகடைப் பாக்கணும், கறுப்பா இருந்தா ரொம்ப சன்னமான எமரி பேப்பரால லேசா தேய்ச்சா போதும். உள்ள குட்டி ஸ்ப்ரிங் இருக்கும், தெறிக்கும், ஒரு பிளாஸ்டிக் பைக்குள்ள வச்சுத் திறங்க.

ரப்பர் குழாய்க்குள்ள இருக்கிற வயர்

டோரைத் திறந்தா கீல் பக்கம் சுருக்கம் சுருக்கமா ஒரு ரப்பர் குழாய் தெரியும். இத்தனை வருஷமா ஒவ்வொரு தடவை டோர் திறக்கும்போதும் அதுக்குள்ள வயர் மடங்கி நிமிர்ந்திருக்கு. டோரை ஒரு கோணத்துல வச்சா கண்ணாடி ஓடுது, மூடினா ஓடலன்னா வேற எங்கயும் தேடாதீங்க. ரப்பரை உருவி உள்ள ஒவ்வொரு வயரையும் விரலால மெதுவா இழுத்துப் பாருங்க, அறுந்தது ரப்பர் மாதிரி நீளும்.

மல்டிமீட்டர் ஏமாத்துறதும் இங்கதான். இருபது இழைல பத்தொன்பது அறுந்து ஒண்ணு மட்டும் ஒட்டிக்கிட்டு இருந்தாலும் மீட்டர் 12 வோல்ட்னு காட்டும், மோட்டார் இழுக்குற கரண்டு அந்த ஒத்தை இழைல போகாது. 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒண்ணை மோட்டார் பிளக்கோட ரெண்டு முனைக்கும் நடுவுல மாட்டி ஸ்விட்சை அமுக்கினா மங்கலா எரியுறதுல உண்மை தெரிஞ்சுடும்.

ஒட்டும்போது சும்மா முறுக்கி டேப் சுத்தாதீங்க. புது வயர் துண்டு சேத்து, சால்டர் வச்சு ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டா சுருங்கிப் பிடிக்கிற உறை) போடுங்க, ஆனா அந்த ஒட்டு மடங்குற இடத்துல வரக்கூடாது, சால்டர் போட்ட இடம் விறைப்பா இருக்கும், மறுபடியும் அங்கயே முறியும். ஒட்டை டோருக்குள்ளயோ கால் பக்க பேனலுக்குப் பின்னாடியோ தள்ளி வைங்க.

டோர் பேனலைக் கழட்டுறது

இவ்வளவும் சரியா இருந்தா மட்டும் பேனல். கைப்பிடிக் கிண்ணத்துக்குள்ள ஒரு ஸ்க்ரூ, கை வைக்கிற இடத்துல ரெண்டு, சின்ன மூடிக்கு அடியில மறைஞ்சு ஒண்ணு, இதான் வழக்கம். அப்புறம் கீழ் ஓரத்துல தொடங்கி கிளிப்பை நெம்பி, கடைசியா பேனலை மேல தூக்கினா வந்துடும். வெயில்ல காஞ்ச கிளிப் உடையும், ஒரு பாக்கெட் புதுசு முன்னாடியே வாங்கி வைங்க. மஞ்சக் கலர் பிளக் எங்கயாவது தெரிஞ்சா அது ஏர்பேக், தொடாதீங்க. உள்ள ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிக்காம உரிங்க, மழைத்தண்ணி உங்க காலடிக்கு வராம தடுக்கிறது அதான்.

மோட்டார் பிளக்கைக் கழட்டி ஃபியூஸ் போட்ட ரெண்டு வயரால பேட்டரில இருந்து நேரடியா ஒரு நொடி கரண்டு கொடுங்க, அப்புறம் வயரை மாத்திக் கொடுங்க. ரெண்டு பக்கமும் வேகமா ஓடினா மோட்டார் நல்லது, திரும்ப வயரைத் தேடுங்க. அசையவே இல்லன்னா கண்ணாடியை டேப் போட்டு நிறுத்திட்டு ரெகுலேட்டரோட இணைப்பை எடுத்துட்டு இன்னொரு தடவை பாருங்க, இறுகினது ரெகுலேட்டரா மோட்டாரான்னு அப்போ தெரியும்.

ஒரு எச்சரிக்கை. கத்தரி மாதிரி விரியுற பழைய ரெகுலேட்டர்ல கண்ணாடி பாரத்தைத் தாங்க ஒரு பெரிய சுருள் ஸ்ப்ரிங் இருக்கும். மோட்டாரைக் கழட்டினா ரெகுலேட்டரோட பல் சக்கரம் படார்னு சுத்தும், விரல் போயிடும். பல் சக்கரத்தையும் தகட்டையும் சேத்து ஒரு போல்ட் போட்டுப் பூட்டாம மோட்டாரைத் தொடாதீங்க. அதுல தைரியம் இல்லன்னா மோட்டாரும் ரெகுலேட்டரும் சேந்த முழு செட்டா வாங்கி மாத்துறது நல்லது. கேபிள் ரெகுலேட்டர்ல கேபிள் பிரிஞ்சிருந்தா ஒட்டுப்போட நினைக்காதீங்க, அதுவும் முழுசா தான்.

ஸ்பேர்ஸ் வாங்கும்போது

யூடியூப்ல அமெரிக்கக்காரங்க வீடியோல "டிரைவர் சைடு"ன்னா இடது பக்கம், நமக்கு வலது பக்கம். கடைல டிரைவர் சைடுன்னு சொல்லாம, வண்டில உக்காந்து முன்னாடி பாக்கும்போது இடதா வலதான்னு சொல்லி வாங்குங்க, ரெண்டு பக்க மோட்டாரும் ஒண்ணு இல்ல. இசுசு வச்சிருக்கவங்க "கேபி"ன்னே கேளுங்க, 2018ல தான் இங்க டி-மேக்ஸ்னு பேரை மாத்தினாங்க. ஸ்கிராப்யார்டுல வாங்கினா அங்கயே பேட்டரி வச்சு ரெண்டு பக்கமும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, காட்ட மாட்டேன்னு சொன்னா அடுத்த கடைக்குப் போயிடுங்க.

பேனலை மாட்டுறதுக்கு முன்னாடி கண்ணாடியை நாலஞ்சு தடவை ஏத்தி இறக்குங்க. டோர் அடியில இருக்கிற தண்ணி போற ஓட்டையை ஒரு குச்சியால குத்தி விடுங்க, அது அடைச்சா டோர் கீழ இருந்து துரு பிடிக்கும். ஒரே அமுக்குல ஏறுற ஆட்டோ வசதி இருந்து அது வேலை செய்யலன்னா, கண்ணாடியை முழுசா ஏத்தி ஸ்விட்சை விடாம சில நொடி மேல் பக்கமே பிடிச்சிருங்க, நிறைய வண்டில அதுலயே திரும்பப் பழகிக்கும், இல்லன்னா உங்க மாடல் மேனுவல்ல அந்த முறை தனியா போட்டிருக்கும்.