லெஸ் பால் ரெக்கார்டிங் கிடார்: பிக்கப் செத்துவிட்டது என்று முடிவுகட்டும் முன்

கிப்ஸன் 1971-ல் கொண்டுவந்த லெஸ் பால் ரெக்கார்டிங் கிடார் பழுதோடு கைக்கு வந்தால், முதலில் நடக்கிற தப்பு மீட்டரில்தான். நானும் செய்தேன். வழக்கம்போல மல்டிமீட்டரை 20 கிலோ ஓம் ரேஞ்சில் வைத்து பிக்கப்பை, அதாவது கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்குகிற சுருளை, அளந்தேன். சாதாரண ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) என்றால் 7, 8 கிலோ ஓம் காட்டும், இதுவோ கிட்டத்தட்ட பூஜ்யம். காயில் ஷார்ட் என்று நினைத்து புது பிக்கப்புக்கு விலைகூட விசாரித்துவிட்டேன். பிக்கப் நன்றாகத்தான் இருந்தது. இந்தக் கிடாரில் இருப்பது லோ இம்பீடன்ஸ் (குறைந்த மின் எதிர்ப்பு) பிக்கப்; அதில் கம்பிச் சுற்றுகள் குறைவு, ரெசிஸ்டன்ஸும் குறைவு. 200 ஓம் ரேஞ்சுக்கு மாற்றி அளந்து பாருங்கள், பிக்கப்பின் ஒரு வயரைக் கழற்றிவிட்டு. இல்லாவிட்டால் டிரான்ஸ்பார்மரின் சுருளும் சேர்ந்துகொண்டு எண்ணைக் குழப்பும்.

அடுத்த சந்தேகம் சத்தம். கிடாரிலுள்ள ஹை/லோ அவுட்புட் ஸ்விட்ச் லோ பக்கம் இருந்தால் சாதாரண ஆம்பில் முனகல்தான் கேட்கும், அது பழுதில்லை. ஹை பக்கம் தள்ளினால் உள்ளேயே இருக்கிற டிரான்ஸ்பார்மர் சிக்னலைத் தூக்கிக் கொடுக்கும். லோவில் சன்னமாகக் கேட்கிறது, ஹையில் ஒன்றுமே இல்லை என்றால் ஸ்விட்சையும் டிரான்ஸ்பார்மரையும் பாருங்கள். 1969-ல் வந்த புரொபஷனல், பெர்சனல் மாடல்களில் டிரான்ஸ்பார்மர் கிடாரில் இல்லை, கூடவே கொடுத்த கேபிளில் இருந்தது. அந்தக் கேபிள் தொலைந்துபோன கிடாரை எத்தனை பேர் "ரிப்பேர்" என்று விற்றிருப்பார்களோ.

சரி, தகட்டைத் திறக்கலாம். திறந்ததும் நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள், இந்த வயரிங்கை நினைவில் வைத்து மாட்டுவது நடக்காத காரியம். பேஸ் (bass), டிரெபிள், பேஸ் (phase) ஸ்விட்ச் (அதாவது சிக்னலைத் தலைகீழாக்குகிற ஸ்விட்ச், பெயர்தான் ஒன்றுபோல ஒலிக்கிறது), ஒலியின் சாயலைப் படிப்படியாக மாற்றுகிற பதினோரு நிலை டெகேட் என்று உள்ளே ஒரே கூட்டம். ஐம்பது வருஷத்துப் பச்சைக் களிம்புதான் பாதி நோய்க்குக் காரணம். காண்டாக்ட் கிளீனரைக் கொஞ்சமாக அடித்து, ஒவ்வொன்றையும் முப்பது தடவையாவது இப்படியும் அப்படியும் திருப்புங்கள். என் கிடாரில் சத்தமே வராமல் இருந்ததற்குக் காரணம் ஒரு சின்ன ஸ்விட்ச்தான், நாலு சொட்டில் சரியானது.

கண்ட்ரோல் (குமிழுக்குக் கீழே இருக்கிற பொட்டென்ஷியோமீட்டர்) ஏதாவது உண்மையிலேயே தேய்ந்திருந்தால் கடையில் சட்டென்று கிடைக்கிற 500 கிலோ ஓம் பாகத்தை வாங்கி மாட்டிவிடாதீர்கள், இந்தச் சர்க்யூட்டுக்கு அது மிக அதிகம்; பழையதன் மதிப்பை அளந்து அதே மதிப்பில் போடவும். கழற்றியதைத் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் வையுங்கள். முதுகில் 1377134 என்பதுபோல எண் இருந்தால் 137 என்பது சி.டி.எஸ். கம்பெனி, 71 வருஷம், 34 வாரம். அது கிடாரோடு வந்த ஒரிஜினல் பாகம் என்றால், கிடார் அதற்கு முந்தியதாக இருக்காது.

கடைசியாக, லோ அவுட்புட்டை மிக்சரின் மைக் உள்ளீட்டில் கொடுத்துக் கேளுங்கள், கிடாருக்குப் பெயர் தந்த கலைஞர் லெஸ் பால் இதை ஸ்டூடியோவுக்கென்றே யோசித்தார். மிக்சர் மைக்குக்கு அனுப்புகிற 48 வோல்ட் பேன்டம் பவரை அணைத்துவிட்டு.